ஓடாத மோட்டாரை வாங்கலாமா?

பழவேற்காடு ஏரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் சென்ற ஆண்டில் நம்மை நாடி வந்தார். படகின் பின்புறம் மாட்டி ஓட்டும் மோட்டார் ஒன்று அவ்வூரில் விலைக்கு வந்திருந்தது. மீன்துறையினர் இதனை வெளிப்பொருத்தும் இயந்திரம் என்று எழுதுவார்கள். கடற்கரையில் அவுட்போர்டு என்றாலே தெரியும். விலை 12,000 ரூபாய். புதிதாக வாங்கினால் ஆகும் தொகையைக் கருதும்போது இது மிகச் சொற்பமே. ஒரு குறைதான் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது படகு இல்லாமல் பட்ட பாட்டை நினைத்து, பஞ்சாயத்தின் பேரில் இதை வாங்கி ஒரு வெள்ள நிவாரணப் படகுக்கு வைத்துக்கொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி. பஞ்சாயத்து வேண்டாமென்றால் தம்முடைய சிற்றப்பா மகன் மீன்பிடிக்க வாங்கிக்கொள்வான் என்றும் சொன்னார்.

இக்கேள்வி கடலோர ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆயில் என்ஜின், பவர் டில்லர், பம்ப் செட் ஆகியவற்றைப் பழையனவாக வாங்கும் குடியானவர்களுக்கும் இதே சிக்கல் நேர்கிறது. ஆயினும் படகு மோட்டாருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வயலில் என்ஜின் நின்றுபோனால் ஒரு நாள் பாய்ச்சல் கெடும். கடலில் நின்றுபோனால், ஏறியிருப்பவர்களின் உயிருக்கே கேடு வரலாம். பாக் நீரிணையில் இயந்திரம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துச் சென்று எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துவிடவும் கூடும். ஆகையால் இதனை விரிவாகவே ஆராய்வோம்.

ஓலே எவின்ரூட் என்பவர் நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவர் 1909-ஆம் ஆண்டில் இவ்வகை மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். இன்றைய மோட்டார்களின் ஆற்றல் பன்மடங்கு பெருகிவிட்டது. எனினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. மேலே இயந்திரத் தலை, நடுவே நீண்ட தண்டு, நீருக்குள் கியர்ப் பெட்டியும் விசிறியும் என மூன்று பாகங்கள். மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால், பழுது இம்மூன்றில் எதில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. பழுது நடுவிலோ சில்லறைப் பாகங்களிலோ இருந்தால் செலவு சிறிது. இயந்திரத் தலையின் உள்ளே இருந்தால் பெரிது. கியர்ப் பெட்டியில் இருந்தாலும் பெரிதே.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

ஸ்பானரை எடுக்குமுன் வாயைத் திறந்து கேட்பது நல்லது. மோட்டார் கடைசியாக எப்போது ஓடியது? ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றதா, அல்லது கரையில் கிடந்து கிடந்து ஸ்டார்ட் ஆகாமற் போயிற்றா? இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கிடந்து கெட்ட மோட்டாரில் பெரும்பாலும் கார்புரேட்டர் பிசுபிசுத்து அடைபட்டிருக்கும். ரப்பர்ப் பாகங்கள் இறுகிப்போயிருக்கும். நம் நாட்டில் இப்பொழுது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பல மாதங்கள் டாங்கில் நின்றால் நீரும் எத்தனாலும் அடியில் பிரிந்து தங்கி, உலோகத்தை அரிக்கத் தொடங்கும். இவையெல்லாம் சரிப்படுத்தக் கூடியவையே. ஓடும்போதே பெருஞ் சத்தத்துடன் நின்ற மோட்டார் அப்படியல்ல. ஆயில் கலக்காத பெட்ரோலாலோ, குளிர்ச்சி நீர் ஏறாமையாலோ பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருக்கலாம்.

"கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாற் போதும், ஓடிவிடும்" என்று விற்பவர் சொல்லக் கேட்பதுண்டு. அவ்வளவுதான் குறை என்றால், அரை நாள் வேலையை முடித்து ஓடும் மோட்டாராகவே இரண்டு மூன்று மடங்கு விலைக்கு அவர் விற்றிருக்கலாமே. அவரைப் பொய்யர் என்று நாம் கூறவில்லை. அவருக்கே தெரியாமலிருக்கலாம், மெக்கானிக் யாரோ சொன்னதை அவர் திருப்பிச் சொல்லலாம். ஆனால் அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்கலாகாது.

இன்னொரு கேள்வி, மோட்டார் எப்பொழுதாவது நீரில் மூழ்கியதா என்பது. இதனைக் கேட்கத் தவறியதால் நேர்ந்த ஒன்றைக் கூறியாக வேண்டும்.

கஜா புயல் 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. அடுத்த சில மாதங்களில் அக்கரையோரத்தில் ஓடாத மோட்டார்கள் பல மலிவாகக் கைமாறின. ஒரு குப்பத்தில் இளைஞர் ஒருவர், "ஐயா, நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் வாங்குகிறேன்" என்று நம்மைக் கேட்டுக்கொண்டார். நாம் இழுகயிற்றை இழுத்துப் பார்த்தோம். சுழன்றது, உள்ளே அழுத்தமும் இருந்தது. புதுப் பெயிண்டின் பளபளப்பைக் கண்டு, நன்றாகப் பேணியிருக்கிறார்கள் என்றே எண்ணினோம். வாங்கலாம் என்று சொன்னோம். சில்லறைப் பழுதுகளைச் சரிசெய்ததும் மோட்டார் ஓடவும் செய்தது. மூன்று வாரங்கள் கழித்து, கரையிலிருந்து வெகு தொலைவில், கிராங்க் ஷாப்டின் பேரிங் நொறுங்கி நின்றுவிட்டது. படகில் மூவர் இருந்தனர். இரவு முழுதும் மிதந்தார்கள். மறுநாட் காலை வேறொரு படகு கண்டு கட்டி இழுத்து வந்தது.

பிரித்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. அந்த மோட்டார் புயலின்போது உப்பு நீரில் மூழ்கியது. மூழ்கிய மோட்டாரை எடுத்த சில மணி நேரத்துக்குள் நன்னீரால் கழுவி, உள்ளே ஆயில் செலுத்தி ஓட்டிவிட வேண்டும். தவறினால் உள்ளிருக்கும் எஃகுக் குண்டுகளிலும் உருளைகளிலும் துருப் புள்ளிகள் விழுந்துவிடும். வெளியே பெயிண்ட் அடித்து மறைத்தாலும் உள்ளே புள்ளிகள் வளர்ந்துகொண்டே இருக்கும். பிளக்குகளைக் கழற்றாமலே சுழற்றிப் பார்த்ததுதான் நாம் செய்த பிழை. பிளக் மாட்டியிருக்கும்போது காற்றின் அழுத்தமே கைக்குத் தெரியும். பேரிங்கின் சொரசொரப்பு அதில் மறைந்துபோகும். அந்த இளைஞர் நம்மைக் குறை கூறவில்லை. அவருடைய தாயார் கூறினார், அது நியாயமே.

கையால் அறியும் சோதனை

ஆகவே முதலில் மேல்மூடியைக் கழற்றுங்கள். பிறகு எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மேலேயுள்ள பிளைவீலை இரு கைகளாலும் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். இச்சமயத்தில் அவசரம் கூடாது. ஒரு முழுச் சுற்றுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். நல்ல இயந்திரம் எண்ணெய் போட்ட கிணற்று இராட்டினம் போல் வழவழவென்று சுழலும். ஓரிடத்தில் நறநறவென்றாலோ, ஓரிடத்தில் மட்டும் இறுகினாலோ பேரிங்கிலோ சிலிண்டரிலோ கேடு உண்டு. பிளைவீலைப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். ஆட்டம் கண்டால் மேல் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பிளக் துளையில் கைவிளக்கைப் பிடித்து, பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர்ச் சுவரைப் பார்க்கலாம். நெடுக்கே கோடுகளும் கீறல்களும் தெரிந்தால் அந்த மோட்டாரின் மதிப்பு அங்கேயே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

பிளைவீல் அசையவே இல்லை என்றால்? துளையில் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்பார்கள். சில வேளை கழலும். கழன்ற பின் உள்ளே என்ன நிலையில் இருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய மோட்டாரைப் பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு காசும் கொடுத்து வாங்கலாகாது என்பது நமது கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல மோட்டார்களில் கியர் விழுந்திருக்கும்போது இழுகயிறு வராதபடி ஒரு தடுப்பு அமைத்திருக்கிறார்கள். அறியாதவர் கயிற்றை இழுத்துப் பார்த்து, இயந்திரம் இறுகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே சோதிக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. இழுகயிற்றை வலுவாக இழுக்கும்போது சிலிண்டரில் காற்று எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதை இது காட்டும். பிளக் துளையில் திருகிப் பொருத்தும் அழுத்தமானி இரு சக்கர வாகனம் பழுது பார்க்கும் பெரிய பட்டறைகளில் இருக்கும். ஒரு நாளைக்கு இரவல் கேட்டால் கொடுப்பார்கள். ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து வைத்து, நாலைந்து முறை இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டை ஒட்டி இருந்தால் பொதுவாகத் திருப்தி கொள்ளலாம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார்களில் அழுத்தம் இதைவிடக் குறைவாகவே அமைத்திருப்பார்கள். அதனால் தனி எண்ணைவிட, இரு சிலிண்டர்களின் எண்களை ஒப்பிடுவதே பயன் தரும். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் ஐயம் கொள்ளுங்கள். ஒன்றில் 100, மற்றதில் 60 என்றால் ஐயமே இல்லை. ரிங்கோ, பிஸ்டனோ, கேஸ்கெட்டோ போயிருக்கிறது.

சோதனைக்குச் சற்று முன் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டுவைத்தால் தேய்ந்த ரிங்கும் அந்நேரத்துக்கு அழுத்தம் காட்டும். கழற்றிய பிளக் புது ஆயிலில் நனைந்து வழிந்தால், ஏன் என்று கேளுங்கள். துருப் பிடிக்காதிருக்க விட்டேன் என்பார், அதுவும் உண்மையாயிருக்கலாம். ஆயில் வடிந்த பின் இன்னொரு நாள் வந்து மீண்டும் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது. அழுத்தமானி கிடைக்காவிட்டால் பெருவிரலால் துளையை அழுத்தி மூடி, வேறொருவரைக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். விரலை உந்தித் தள்ளிக்கொண்டு காற்று பீறிட வேண்டும். இது கரடுமுரடான சோதனையே; ஆயினும் முற்றும் செத்த சிலிண்டரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தீப்பொறியைப் பார்ப்பது எளிது. பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக்கின் உலோக உடலை இயந்திரத்தின் மீது படும்படி வைத்து இழுத்தால், நீல நிறப் பொறி சடசடவென்று தாவ வேண்டும். கையால் பிளக்கைப் பிடிக்கலாகாது. பக்கத்தில் பெட்ரோல் டின் இருக்கலாகாது. பொறி வரவில்லையென்றால் உடனே மனம் தளர வேண்டாம். பெரும்பாலான மோட்டார்களில் ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று உண்டு. அவர் கடலில் விழுந்தால் கயிற்றோடு சிறு கொக்கி கழன்று மோட்டார் நின்றுவிடும். அந்தக் கொக்கி தொலைந்துபோனால் எவ்வளவு இழுத்தாலும் பொறி வராது. கொக்கி இல்லாத ஒரே காரணத்தால் ஓராண்டுக் காலம் மாட்டுக் கொட்டகையில் கிடந்து, ஓடாத மோட்டார் என்று விலைக்கு வந்ததை நாம் ஒரு முறை நேரில் கண்டிருக்கிறோம். வாங்கியவர் அதிர்ஷ்டசாலி. விற்றவரிடம் அவர் பின்னர் உண்மையைச் சொன்னாரா என்பதை நாம் கேட்கவில்லை.

கொக்கி இருந்தும் பொறி இல்லையென்றால் காயில், அல்லது பொறியை ஏவும் மின்னணுப் பெட்டி பழுதாகியிருக்கும். இதற்குச் செலவு உண்டு. ஆயினும் கழற்றி மாட்டக்கூடிய பாகமே. இயந்திரத்தைப் பிளக்க வேண்டியதில்லை. எரிபொருள் பாதையில் உள்ள குறைகள் இன்னும் எளியவை. அவற்றைப் பற்றி இங்கே நீட்டி எழுத வேண்டாம்.

நீருக்குள் இருக்கும் பாகம்

இயந்திரத் தலையையே பார்த்துவிட்டுக் கீழ்ப்பாகத்தை மறப்பவர்கள் மிகுதி. கியர்ப் பெட்டியின் அடியில் ஒரு திருகாணி இருக்கும். விற்பவரின் சம்மதத்துடன் அதைச் சற்றே தளர்த்தி, வெளிவரும் ஆயிலை ஒரு வெள்ளைத் தாளிலோ உள்ளங்கையிலோ பிடித்துப் பாருங்கள். தேன் நிறமாகவோ கறுப்பாகவோ வழவழவென்று வந்தால் நன்று. பால் விட்ட காப்பி போல வெளுத்திருந்தால், சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. முதலில் ஆயிலே வராமல் வெறும் நீர் சொட்டினால், எத்தனை மாதம் அப்படி நின்றதோ, கியரும் பேரிங்கும் துருவேறியிருக்கும். மினுமினுக்கும் உலோகப் பொடி தெரிந்தால் பற்கள் தேய்ந்து உதிர்கின்றன. சீல் மாற்றுவது சிறு வேலை. கியர் மாற்றுவது, சில மோட்டார்களில், வாங்கும் விலையையே விழுங்கிவிடும். பிறகு கியரை முன்னும் பின்னும் போட்டு விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நன்றாகப் பற்ற வேண்டும். விசிறித் தண்டு வளைந்திருக்கிறதா என்பதும் அப்பொழுதே தெரிந்துவிடும்.

குளிர்ச்சிக்காகக் கடல் நீரையே உறிஞ்சி மேலே அனுப்பும் சிறு பம்பு ஒன்று தண்டின் அடியில் இருக்கிறது. அதனுள் ரப்பர் இதழ்களாலான சக்கரம் சுழலும், இம்பெல்லர் என்பார்கள். பழைய மோட்டார் எதுவாயினும் இதை மாற்றியே ஆக வேண்டும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதன் விலை சிறிது. இது வேலை செய்யாமல் மோட்டாரை ஓட்டியிருந்தால் நேரும் கேடு பெரிது. சிலிண்டர்த் தலையின் பெயிண்ட் கருகியோ கொப்புளித்தோ இருந்தால் அந்த மோட்டார் ஒரு தடவை கொதித்திருக்கிறது. இதே காரணத்தால், ஓட்டிக் காட்டுகிறேன் என்று விற்பவர் மணலில் நிறுத்தி நீரில்லாமல் ஸ்டார்ட் செய்ய முனைந்தால் தடுத்துவிடுங்கள். பெரிய டிரம்மில் நீர் நிரப்பி, விசிறியும் நீர் உறிஞ்சும் துளைகளும் நன்கு மூழ்கும்படி வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வெளித்தோற்றத்தில் நாம் காண வேண்டியது அழகையன்று. திருகாணித் தலைகள் மழுங்கியிருந்தால் ஏற்கெனவே பலர் பிரித்துப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். பாதி பாகங்கள் கோணிப்பையில் வந்தால், பை நிறைந்திருக்கிறதே என்று மகிழ வேண்டாம். எது இல்லை என்பது கடைசித் திருகாணியை மாட்டும்போதுதான் தெரியும். உப்பு நீரில் உழைத்த மோட்டாரில் போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப்போய், கழற்றும்போது முறிவது மெக்கானிக்குகள் யாவரும் அறிந்ததே. ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலை ஆவது பெரும்பாலும் இதனாலேயே. தண்டின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலத் தண்டும் 20 அங்குலத் தண்டும் வழக்கத்தில் உள்ளன. படகின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்தாத மோட்டார் எவ்வளவு மலிவானாலும் பயனற்றது.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் வாங்கும் முன்னரே விசாரிக்க வேண்டியது. மேலே குறிப்பிட்ட எவின்ரூட் பெயரில் மோட்டார் உற்பத்தி 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. பெயர் பெரியதாயிருந்தாலும், பக்கத்துத் துறைமுகத்துக் கடையில் பாகம் இல்லையென்றால் மோட்டார் கரையில்தான் கிடக்கும். உங்கள் கரையில் பத்துப் படகுகளில் எந்த வகை ஓடுகிறதோ, அந்த வகையை வாங்குவதே உத்தமம். அவ்வகையில் பழுதான மோட்டாருக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒன்றும் செய்ய முடியாவிட்டால் விசிறி, கார்புரேட்டர், கியர்ப் பெட்டி என்று பிரித்து விற்றாவது போட்ட பணத்தை எடுக்கலாம்.

பின்பலகையில் மாட்டும் பிடியில் வகையும் தொடர் எண்ணும் பொறித்த தகடு இருக்கும். தகடு பிய்க்கப்பட்டிருந்தாலோ எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, விலையைக் கேட்காமலே திரும்பிவிடுங்கள். மோட்டார் களவு போவது கடற்கரையில் புதிதன்று. முன்பு வாங்கிய ரசீதும், விற்றதற்கு எழுத்து மூலமான சீட்டும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். மீன்பிடிப் படகுகள் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. இயந்திரம் மாறும்போது மீன்துறை அலுவலகத்தில் காட்ட வேண்டிய காகிதங்கள் எவை என்பதை முன்கூட்டியே கேட்டறிவது பின்னர் அலைச்சலைத் தவிர்க்கும். புதிய இயந்திரம் வாங்க அரசு மானியம் வழங்கும் திட்டங்களும் உண்டு; தமக்குக் கிடைக்குமா என்று அங்கேயே விசாரித்துவிட்டுப் பழையதைத் தேடப் புறப்படுவதே முறை.

கணக்கு

இனி, பணக் கணக்கு. அதே வகை மோட்டார், அதே வயதுடையது, நன்றாக ஓடும் நிலையில் 60,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடாததற்கு 12,000 கேட்கிறார்கள். சோதனையில் பொறி இல்லை, மற்றவை நலம் என்று கண்டோம். மின்னணுப் பெட்டியும் காயிலும் 7,000, கார்புரேட்டர்ச் சாமான்கள், இம்பெல்லர், சீல்கள், பிளக், ஆயில் எல்லாம் 5,000, கூலி 3,000, ஆக 15,000 ரூபாய். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மொத்தம் 27,000தானே என்று கணக்கை மூடுபவர்கள் பின்னர் வருந்துவார்கள். பிரித்த பின் தெரியவரும் பழுது ஒன்றாவது இருந்தே தீரும். ஆகையால் பழுதுச் செலவை ஒன்றரை மடங்காக்கி 22,500 என்று போட வேண்டும். விலையையும் சேர்த்தால் 34,500. ஓடும் மோட்டாரின் விலையில் மூன்றில் இரண்டு பங்கு 40,000. மொத்தச் செலவு இந்த எல்லைக்குள் நின்றால் வாங்கலாம் என்பது நாம் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. மீதி மூன்றில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்கலாம். ஓடும் மோட்டாரை வாங்கியவர் நாளைக்கே கடலுக்குப் போவார். இதை வாங்கியவர் பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் காத்துக்கிடப்பார். அந்த நாட்களின் வருமானத்துக்கு அது ஈடு.

அதே மோட்டாரில் சிலிண்டர் கீறியிருந்தால் கதை வேறு. போர் செய்தல், புதுப் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், கூலி என்று 28,000 ரூபாய் கூடினால், பழுதுச் செலவு 43,000. ஒன்றரை மடங்கில் 64,500. மோட்டாரை இனாமாகக் கொடுத்தாலும் எல்லை தாண்டிவிடுகிறது. சோதனைகளில் எதையும் செய்து பார்க்க விற்பவர் இடங்கொடுக்காவிட்டால், இந்த இரண்டாவது கணக்கையே போட வேண்டும்.

யாருக்கு ஏற்றது என்பதையும் சொல்லிவிடுவோம். தம் கையாலேயே பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு, வேறொரு மோட்டாரில் தொழில் நடந்துகொண்டிருப்பவருக்கு, ஐப்பசி கார்த்திகைக் காற்று மழையில் கடலுக்குப் போகாத நாட்களைப் பழுது பார்ப்பதில் செலவிடக் கூடியவருக்கு இது ஏற்றது. உள்ள ஒரே மோட்டாரும் போய், கையிலிருக்கும் கடைசிப் பணத்தைப் போட்டு, அடுத்த வாரமே கடலுக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பவர் இதைத் தொடவே கூடாது. வருத்தம் என்னவென்றால், மலிவு விலை அவரையே அதிகமாக இழுக்கிறது. அவர் தமது கூட்டுறவுச் சங்கத்தை அணுகி, கடனாயினும் ஓடும் மோட்டாரைப் பெறுவதே நலம்.

பழுது பார்த்த மோட்டாரை நம்பி உடனே தூரக் கடலுக்குச் செல்லலாகாது. முதல் இரண்டு வாரங்களாவது கரை தெரியும் தொலைவிலேயே ஓட்ட வேண்டும். இன்னொரு படகு துணைக்கு வர வேண்டும். துடுப்பும் நங்கூரமும் கயிறும் படகில் இருக்க வேண்டும். கஜா ஆண்டில் அந்த மூவரும் நங்கூரம்கூட எடுத்துச் செல்லவில்லை.

பழவேற்காட்டு அன்பரின் கேள்விக்கு வருவோம். நேரில் சென்று பார்த்தோம். பிளைவீல் சீராகச் சுழன்றது. இரு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்டின. கியர் ஆயில் சுத்தம். பொறி மட்டும் இல்லை. நல்ல மோட்டார்தான். எனினும் பஞ்சாயத்து இதை வாங்க வேண்டாம் என்றே கூறினோம். ஓடாத பொருளுக்குப் பொதுப் பணத்தைக் கொடுத்தால் தணிக்கையின்போது தலைவரும் அங்கத்தினர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். வெள்ளத்துக்கென்று வைக்கும் மோட்டார், முன்னறிவிப்பின்றி ஒரு நள்ளிரவில், முதல் இழுப்பிலேயே ஓட வேண்டியது என்பது அதனினும் பெரிய காரணம்.

அப்பொழுது நாம் அவரிடம் வேறொன்று கேட்டோம். பக்கத்து ஊர்களில் எங்கேனும் நிவாரணத்துக்கென்று வாங்கிய மோட்டார் உள்ளதா? உள்ளது என்றார், ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்னறையில் ஒன்று கிடக்கிறதாம், இரண்டு வருஷமாக யாரும் தொட்டதில்லையாம். ஓடாத மோட்டார்கள் எப்படி உண்டாகின்றன என்பதற்கு இதுவே விடை. அதன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, இம்பெல்லரை மாற்றி, இரு ஊர்களும் சேர்ந்து பயன்படுத்திக்கொள்ள வழி செய்யலாமே என்றோம். உப்பு நீரில் ஓடிவந்த பின் டிரம் நீரில் கால் மணி நேரம் ஓட்டிக் கழுவுதல், நெடுநாள் வைக்குமுன் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுதல், மாதம் ஒரு முறை புதுப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஒரு நோட்டில் கையெழுத்திடுதல், இவற்றுக்கு ஓர் ஊழியரைப் பொறுப்பாக்கினால் போதும்.

சிற்றப்பா மகன் அந்த மோட்டாரைப் பேரம் பேசி 9,000 ரூபாய்க்கு வாங்கினார். மின்னணுப் பெட்டியோடு, நாம் எதிர்பாராத வகையில் இழுகயிற்றின் சுருள்வில்லும் உடைந்து, நீர் செல்லும் பாதையும் உப்பால் அடைபட்டிருந்தது. எல்லாம் சேர்ந்து பழுதுச் செலவு 17,000 ஆயிற்று. பொங்கலுக்கு முந்திய வாரத்திலிருந்து ஏரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்கு இன்னும் கொண்டுபோகவில்லை.